கேஸ் வந்தால்தான்

இடியப்பக் கூடை போன மாதிரியே திரும்பி வந்தபோது லெய்லாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். அவளுக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். அழுகையும் யோசனையும் பிறகு ஆறுதலாக வரும். கூடையைச் சுமந்து வந்தவன் சந்தியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருக்கும் மஸாஹிர். வருடக்கணக்காக அவள் அவித்த இடியப்பத்தை விற்கிறவன். படியேறாமல் வாசலிலேயே நின்றான்.

“ராத்தா, கோவிச்சுக்காதீங்க. இடியப்பத்துல எண்ணெய் மணக்குதெண்டு ஆக்கள் சொல்றாங்க.”

“எந்த ஆக்கள்?”

“எல்லா ஆக்களும்தான்.”

அக்கா என்று மற்றவர்கள் சொல்லும் இடத்தில் புத்தளத்துக் கரைத்தீவில் ராத்தா என்பார்கள். மரியாதையான சொல். மரியாதையாகச் சொல்லிவிட்டால் கேட்கிறவளுக்கு வலிக்காது என்று அவனுக்கு நினைப்பு. லெய்லா ஓர் இடியப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தெரியாததில் அதிசயமும் இல்லை. அவள் புருஷன் மின்ஹாஜ் கடலுக்குப் போகிறவன். அவன் படகின் எஞ்சின் குடிப்பது மண்ணெண்ணெய். அவன் சாரத்தில் அது, கையில் அது, தலையணையில் அது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த வாடையோடு படுத்து எழும்புகிற மூக்கிடம் எண்ணெய் மணக்கிறதா என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

பக்கத்து வீட்டு சுல்பாதான் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வெயிலில் வைத்துக் காட்டினாள். தண்ணீரின் மேல் பச்சையும் ஊதாவுமாக ஒரு மெல்லிய படலம் மினுங்கிக்கொண்டு நின்றது. “இந்தா பாருங்க ராத்தா” என்றாள் சுல்பா. லெய்லா பார்த்தாள். பார்த்துவிட்டு வாளியைக் காலால் உதைத்தாள்.

அவள் உதைத்ததற்கு நியாயம் உண்டு. அந்தக் கிணறு மற்றக் கிணறுகளைப் போன்றதல்ல. தொண்ணூறாம் ஆண்டு மன்னார் முஸ்லிம்கள் எல்லோரையும் போல உடுத்த துணியோடு விரட்டப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முகாமில் சோறு எப்படியோ கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. தோண்டிய இடமெல்லாம் உப்பு. உப்புச் சோறு, உப்புத் தேத்தண்ணீர், உலர்ந்தால் மொடமொடவென்று நிற்கும் உடுப்பு. குடத்தோடு ஊர்க்காரர் வீட்டுக் கிணற்றடிகளில் வரிசையில் நின்றே குமர்க்காலம் கழிந்தது. பிறகு மின்ஹாஜைப் பேசி வந்தார்கள். மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டிய மஹராக என்ன வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டனுப்ப, மற்றக் குமர்ப் பிள்ளைகள் நகையைச் சொல்லும் இடத்தில் இவள் சொன்னாள்: “ஒரு நல்ல தண்ணிக் கிணறு.”

ஊரே சிரித்தது. மின்ஹாஜ் சிரிக்கவில்லை. கடலேரிக்கரைக் காணியில் தானே இறங்கி வெட்டினான். முதல் இரண்டு இடமும் உப்பு. மூன்றாவது இடத்தில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சளவு குழிக்குள் நின்றபடி அவளுடைய வாப்பாவைக் கூப்பிட்டு ஒரு சிரட்டைத் தண்ணீரை நீட்டினான். அதற்கு அடுத்த மாதம் நிக்காஹ் நடந்தது. ஒழுங்கை வீடுகளில் பாதிப் பேர் அந்தக் கிணற்றில்தான் குடிநீர் அள்ளினார்கள். ‘லெய்லாட மஹர்’ என்றே அதற்குப் பெயர் நின்றது.

அப்படிப்பட்ட கிணற்றில் எண்ணெய் கலந்தால் யாரைப் பிடிப்பது? பிடிக்க ஆள் கண்ணெதிரே இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நெய்னார் ஹாஜியாரின் பெற்றோல் செட். கட்டி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மண்ணுக்குள் இரண்டு பெரிய தாங்கி, ஒன்றில் பெற்றோல், மற்றதில் டீசல். ஒழுங்கை முழுக்க ஒரே கதை: தாங்கி ஒழுகுது. லெய்லா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நேரே போனாள்.

ஹாஜியார் கதிரையிலிருந்து எழும்பி நின்று பேசினார். “புதுத் தாங்கி புள்ள. ஒரு துளி குறைஞ்சாலும் எனக்குத்தானே முதல்ல தெரியும்? சந்தேகமெண்டா சோதிச்சுப் பாருங்க. நான் மறிக்கல்ல.”

அவர் அமைதியாகப் பேசியது அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் ஒரு கிழவி வேறு நிறுத்திப் புத்தி சொன்னாள்: “தொண்ணூறுல அந்த மனிசன்ட வாப்பாட கிணத்துத் தண்ணியக் குடிச்சுத்தானே நீங்கெல்லாம் உசிரோட இரிக்கிறீங்க.”

“குடிச்ச தண்ணிக்காக இப்ப எண்ணெயும் குடிக்கணுமோ?” என்று கேட்டுவிட்டு லெய்லா நிற்காமல் நடந்தாள்.

வீட்டில் மின்ஹாஜ் துணி தோய்க்கிற கல்லைக் கிணற்றடியின் மற்றப் பக்கத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தான். எத்தனையோ வருடம் ஓரிடத்தில் கிடந்த கல். “உங்கள யார் கேட்டது இத நகத்தச் சொல்லி?” என்று சத்தம் போட்டாள். அங்கே நிழலாக இருக்கும் என்றான் அவன். நடந்ததைச் சொன்னாள். “விடு புள்ள, பவுசர் லொறியில தண்ணி எடுக்கலாம்தானே” என்றான். இப்படி வழுவழுத்த மனிதனோடு குடும்பம் நடத்துவதைவிட விலாங்கு மீனை வளர்க்கலாம் என்று அன்றைக்கும் அவளுக்குத் தோன்றியது.

அவள் விடவில்லை. சுகாதாரப் பரிசோதகரிடம் போனாள். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, எண்ணெய்தான், ஆனால் எந்த எண்ணெய் என்று மூக்கால் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். பிரதேச சபைக்குப் போனாள். அது தங்கள் வேலை இல்லை, சுற்றாடல் ஆட்களின் வேலை என்றார்கள். சுற்றாடல் ஆள் கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுத்த கிழமை போனபோது வேறொரு கூட்டம். கல்லில் நார் உரித்த கதைதான். கடைசியில் சுகாதாரப் பரிசோதகரே பாவம் பார்த்து ஒரு வழி சொன்னார். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் ஜீசீ எம்எஸ் என்று ஒரு மெஷின் இருக்கிறது, தண்ணீரைக் கொடுத்தால் உள்ளே கலந்திருப்பதைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லும் என்றார்.

பெயர் சொல்லும் என்ற சொல் லெய்லாவின் மனதில் ஆணி அடித்தது போல் நின்றது. இத்தனை மனிதர்கள் சொல்லப் பயந்த பெயரை ஒரு மெஷின் சொல்லப் போகிறது.

விடிகாலை பஸ் ஏறினாள், மடியில் தண்ணீர்ப் போத்தலோடு. ஆய்வுகூடத்தில் அதை வாங்கிப் பார்த்தது உடப்புப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, பெயர் பிரியந்தினி. தமிழில் பேச ஒருத்தி கிடைத்ததே என்று லெய்லா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி முடிப்பதற்குள் அவள் போத்தலைத் திருப்பித் தந்தாள்.

“அக்கா, இது பிளாஸ்ரிக். இதிலயும் எண்ணெய் வகைதான் இருக்கு. அது தண்ணிக்குள்ள ஊறிப் போகும். மெஷின் அதையும் சேர்த்துச் சொல்லிப்போடும். கண்ணாடிப் போத்தல்ல, வாய் நிறைய, காத்து நிக்காம எடுத்து வரவேணும்.”

“அத முன்னுக்கே ஆராச்சும் சொன்னாங்களா மகள்?” என்றாள் லெய்லா. யாரும் சொல்லவில்லைதான். இன்னொரு நாள், இன்னொரு பஸ். இம்முறை கண்ணாடிப் போத்தலை ஈரத் துணியில் சுற்றி, கைப்பிள்ளையைக் கொண்டுபோவது போல் கொண்டுபோனாள். பிரியந்தினி அதை வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, போனில் அறிவிப்போம் என்றாள்.

போன் வந்தது. பேசியது பிரியந்தினி அல்ல, அலுவலக எழுதுவினைஞர் ஒருவர். சிங்கள ஆள். தெரிந்த தமிழைப் பொறுக்கியெடுத்துப் பேசினார்.

“அம்மா, தண்ணி டெஸ்ட் இப்ப பண்ண ஏலாது. கேஸ் இல்ல.”

“என்ன இல்ல?”

“கேஸ், கேஸ். கேஸ் வந்தாத்தான் மெஷின் போடுவாங்க. கேஸ் வந்த பிறகு சொல்றேன்.” அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார்.

லெய்லா எல்லாம் விளங்கிவிட்டது போல் தலையை ஆட்டினாள். கேஸ் இல்லையாம். கேஸ் வந்தால்தான் செய்வார்களாம். சரிதானே? வழக்கென்று ஒன்று இல்லாமல் இவள் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரை அரசாங்க மெஷின் எதற்காகத் தொட வேண்டும்? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் முதலிலேயே போட்டிருப்பாளே!

“கேஸ் போடப்போறன்” என்றாள் மின்ஹாஜிடம்.

வலையைப் பின்னிக்கொண்டிருந்தவன் கை நின்றது. “ஆருக்கு?”

“ஆருக்கா? உங்கட உம்மாக்கு. ஹாஜியாருக்குத்தான்.”

“வேணாம் லெய்லா.”

“ஏன் வேணாம்? அவர்ட சல்லிக்குப் பயமா?”

அவன் வலைக்குள் குனிந்துகொண்டான். பொலிஸில் முறைப்பாடு எழுதினாள். புத்தளத்தில் ஒரு லோயரைப் பிடித்தாள். கிணற்றை நாசமாக்கியதாக ஹாஜியார் மேல் வழக்கு விழுந்தது. ஊர் இரண்டு பட்டது. ஒழுங்கையில் அவளுக்குச் சலாம் சொன்னவர்களில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். செட்டில் வேலை செய்த அவளுடைய தம்பி, முதலாளி முகத்தில் முழிக்க வெட்கமென்று வேலையை விட்டுவிட்டு, “ராத்தா, உங்களால” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு அவள் வீட்டுப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டான். சந்தியில் சிலர், முப்பது வருடம் கழித்தும், “அகதிக்கு வந்த எடுப்பைப் பாரு” என்றார்கள். அந்தச் சொல் அவள் காதுக்கு வரவேண்டும் என்றுதான் சொன்னார்கள். வந்தது.

வழக்கென்றால் வழக்கா அது? தவணை, தவணைக்கு மேல் தவணை. ஒருநாள் நீதவான் லீவு, ஒருநாள் லோயருக்குக் காய்ச்சல், ஒருநாள் பெயர் கூப்பிட்டும் இவளுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு தவணையிலும் ஒரே கேள்வி: இரசாயன அறிக்கை எங்கே? “கேஸ் போட்டாச்சுதானே, இனிச் செய்வாங்க” என்று லெய்லா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இதற்கிடையில் ஹாஜியார் ஒரு வேலை செய்தார். கிணறு கெட்ட ஒழுங்கைக்குத் தன் செலவில் தண்ணீர் பவுசர் அனுப்பத் தொடங்கினார். “குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது பாத்தீங்களா?” என்றாள் லெய்லா. அந்த பவுசர் தண்ணீர் தன் தொண்டையில் இறங்கினால் அது ஹராம் என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, பள்ளிவாசல் குழாயடிவரை குடத்தோடு நடந்தாள். இடுப்பு விட்டுப்போனது. இடியப்பம் நின்றுபோனது. மின்ஹாஜ் சொல்லாமலே இரண்டு குடத்தை வாங்கித் தூக்கிக்கொண்டு பின்னால் வருவான். அந்த ஒன்றுக்காக அவனை அவள் கொஞ்சம் மன்னித்திருந்தாள்.

ஒருவழியாகப் போன் வந்தது. அதே எழுதுவினைஞர். “அம்மா, கேஸ் வந்திட்டு. டெஸ்ட் முடிஞ்சு. வாங்க.” இந்த முறை மின்ஹாஜையும் இழுத்துக்கொண்டு போனாள். பெயர் வெளியே வரும்போது அவனும் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

பிரியந்தினி இருவருக்கும் கதிரை போட்டுக் கொடுத்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, நல்லாப் பிந்திப் போச்சு. மெஷினுக்குக் கேஸ் இல்லாமக் கிடந்தது.”

“அதான் கேஸ் போட்டேனே மகள், எவ்வளவு காலமா இழுபடுது” என்றாள் லெய்லா.

பிரியந்தினிக்கு விளங்கவில்லை. “என்ன கேஸ்?”

“நீங்கதானே கேட்டீங்க? கேஸ் வந்தாத்தான் செய்வமெண்டு. செட்டுக்கார ஹாஜியாருக்குக் கோட்ல கேஸ் போட்டிரிக்கிறன்.”

பிரியந்தினி எழுந்துபோய்க் கதவோரம் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த ஆளுயரச் சிலிண்டரைத் தட்டிக் காட்டினாள். “அக்கா, நாங்கள் சொன்னது இந்தக் கேஸ். ஹீலியம். வெளிநாட்டில இருந்து வரவேணும். நாட்டில டொலர் இல்லாம வராமக் கிடந்தது. இது இல்லாட்டி மெஷின் ஓடாது.”

லெய்லா சிலிண்டரைப் பார்த்தாள். வீட்டு அடுப்புக்குக் கேஸ் இல்லாமல் விறகு தேடி அலைந்த காலம் அவளுக்கு மறந்துபோகவில்லை. மெஷினுக்கும் கேஸ் வேண்டும் என்று யார் கண்டது? ஒரு சொல். ஒரு சொல்லைப் பிழையாகக் கேட்டு ஊரை இரண்டாக்கி, தம்பியை இழந்து, கோட்டுக் கதவு தேய அலைந்திருக்கிறாள். சிரிப்பதா சுவரில் முட்டுவதா என்று தெரியவில்லை. “சரி, போகட்டும்” என்றாள், குரல் இறங்கி. “எந்தக் கேசெண்டாலும் போட்டது போட்டதுதான். தண்ணியில என்ன? டீசலா, பெற்றோலா?”

பிரியந்தினி கணினித் திரையைத் திருப்பி வைத்தாள். மலையும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடியது. “மெஷினுக்குள்ள மயிர் மாதிரி மெல்லிய குழாய் ஒண்டு சுருளாக் கிடக்கு. உங்கட தண்ணியில இருந்து எடுத்த எண்ணெயை ஆவியாக்கி விட்டா, இந்தக் கேஸ்தான் அதைத் தள்ளிக்கொண்டு போகும். எல்லாம் ஒண்டா வெளிய வராது. ஜும்ஆ முடிஞ்சு பள்ளியால சனம் வெளிய வாற மாதிரித்தான். சிலர் ஸலாம் குடுத்த உடனே ஓடி வருவினம், சிலர் ஆறுதலா வருவினம். இலேசானது முந்தும், பாரமானது பிந்தும். வாற ஒவ்வொண்டையும் மற்றப் பெட்டி உடைச்சு, துண்டுகளை நிறுத்து, இன்னதெண்டு பெயர் சொல்லும்.”

“ஓம். சொல்லுங்க.”

“பெற்றோலெண்டா இந்த முன்பக்கம் நிறைய இருக்கும். டீசலெண்டா நடுவில தொடங்கி இஞ்ச கடைசி வரைக்கும் நீளும். உங்கட தண்ணியில முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. நடுவில ஒரு கூட்டம், அதோட சரி. நாலு தரம் பாத்தனான் அக்கா. இது மண்ணெண்ணெய்.”

ஹாஜியாரின் செட்டில் மண்ணெண்ணெய்த் தாங்கி கிடையாது. அது ஊருக்கே தெரியும். அது இல்லாததால்தான் படகுக்காரர்கள் எண்ணெய்க் கான்களைக் கட்டிக்கொண்டு புத்தளம் டவுன்வரை அலைகிறார்கள். “பிழையா இரிக்கும்” என்றாள் லெய்லா. “உங்கட மெஷின் பிழை. கேஸ் பழைய கேஸ்.” சொல்லிக்கொண்டே ஆதரவுக்கு மின்ஹாஜைத் திரும்பிப் பார்த்தாள்.

மின்ஹாஜ் திரையைப் பார்க்கவில்லை. செருப்போடு இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வர பஸ் ஏறினார்கள். சிலாபம் போயிற்று, முந்தல் போயிற்று. வீட்டுப் படலையைத் திறந்ததும் அவன் கிணற்றடிக்குப் போய், தான் உருட்டி வைத்த தோய்கல்லின் பக்கத்தில் நின்றான்.

“கல்லப் பெரட்டணும்” என்றான்.

இருவருமாகப் பிரட்டினார்கள். கீழே மண் கறுத்திருந்தது. ஒரு முழம் தோண்டியதும் துருப்பிடித்த எண்ணெய்ப் பரல், ஒரு தகரப் பீப்பாயின் மேல்விளிம்பு, தெரிந்தது. அவனே சொன்னான், தலையைத் தூக்காமல். எரிபொருள் வரிசை தெருத்தெருவாக நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டில், மகள் றிஸ்னாவின் பிள்ளைப்பேற்றுக்கு லெய்லா வண்ணாத்திவில்லுக்குப் போயிருந்த நேரம், எப்படியோ ஒரு பரல் மண்ணெண்ணெய் கிடைத்ததாம். கள்ளனுக்கும் பொலிஸுக்கும் பயந்து, மண் இளகிய இடமென்று கிணற்றடியில் புதைத்தானாம். மாதக்கணக்கில் கழித்துத் தோண்டினால் உப்பு மண் தகரத்தைத் தின்று பரல் பாதி வெறுமை. திரும்ப மூடிவிட்டான். அதற்கு அடுத்த கிழமைதான் இடியப்பக் கூடை திரும்பி வந்தது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். லெய்லாவுக்கு வெட்டியவனே பூதமாக நின்றான். இத்தனை காலமும் எல்லாம் தெரிந்துகொண்டு, அவள் பின்னால் குடம் சுமந்து நடந்திருக்கிறான்.

“ஏன் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்லுவன்? நான் ஒனக்குத் தந்தது இது ஒண்டுதானே.”

கத்தவேண்டும் போலிருந்தது. அந்தக் கோபம், எதற்கும் முந்திக்கொண்டு ஓடி வருகிற அந்தக் கோபம், அன்றைக்கு வரவில்லை. அழுகைதான் முதலில் வந்தது. “குடுத்த மஹர திருப்பி எடுக்கேலா எண்டு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள். அவன் மண்ணைக் கையால் கிளறிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பவுசர் வந்தது. அன்றைக்குப் பார்த்து ஹாஜியாரும் கூட வந்திருந்தார். லெய்லா குடத்தோடு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். இரண்டடி தள்ளி மின்ஹாஜ் நின்றான். ஹராம் என்று சொன்னவளை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “ராத்தா, நீங்க முன்னுக்கு வாங்க, எங்களுக்காகத்தானே கேஸ் பேசுறீங்க” என்று சுல்பா கையைப் பிடித்து இழுத்தாள்.

“கையை விடு” என்றாள் லெய்லா. பிறகு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “கேஸ் ஒண்டும் இல்ல. வாபஸ் எடுக்கிறன். கிணத்துல இரிக்கிறது மண்ணெண்ணெய். செட்டுட எண்ணெய் இல்ல, எங்கட வீட்டுப் பரல். ஹாஜியார், உங்கள நான் அநியாயமாக் கோட்டுக்கு இழுத்துட்டன்.”

சுல்பா கையை விட்டாள். அவள் முறை வரும்வரை ஹாஜியார் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. முறை வந்ததும் குழாயை அவரே கையில் எடுத்தார்.

“குடத்த வை புள்ள” என்றார். “பின்னால ஆக்கள் நிக்கிறாங்க.”

பின்னால் மின்ஹாஜைத் தவிர ஒருவரும் இல்லை. குடம் நிரம்பியது. தூக்கிவிட மின்ஹாஜ் குனிந்தான். லெய்லா அவன் கையைத் தட்டிவிட்டு, தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.